அனுமதி பெறாத கொடி

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்து எங்கள் மண்ணை மோந்து பார்த்தாள். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். திராட்சை வரிசைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மண்ணுக்கு நோகும் என்பது போல எடுத்த குழியிலேயே அதைத் திரும்ப வைத்துக் கையால் தட்டிவிட்டு, “என்ன உயிரான மண்!” என்றாள். ஆட்டுப் புழுக்கைக் கூடையோடு பக்கத்தில் நின்றிருந்த எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. மருந்தடிக்காமல் விவசாயம் செய்கிறோம் என்று சொல்லும் தோட்டங்களைப் பார்த்து, அது நிஜம்தான் என்று எழுதிக்கொடுப்பது அவள் வேலை. அதாவது அவள் இன்ஸ்பெக்டர். எனக்கு இன்ஸ்பெக்ஷன் என்ற சொல்லைக் கேட்டாலே ஆவடி ஞாபகம் வந்துவிடும். அவள் அத்தனை மரியாதையாக நடந்துகொண்டதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது. செடிக்கு முன்னால் இப்படியும் ஒரு அதிகாரி உட்கார முடியும் என்றால், அன்றைக்கு ஏன் ஒருத்தருக்கும் முடியவில்லை?

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பாண்டிச்சேரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு எண்பதுகளின் ஆரம்பத்தில் பிரான்சுக்கு வந்தேன். என் கணவர் இங்கே பட்டாளத்தில் இருந்து வெளியே வந்து, இப்போது தெற்கே ஒரு சிற்றூரில் தபால் பிரிக்கிறார். “பிரேமாவுக்கென்ன, பிரான்ஸில் செண்ட்டு மணக்க மணக்க இருக்கிறாள்” என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதாகக் கேள்வி. என்மேல் வருவது செம்மறியாட்டு வாசனை. ஊரை ஒட்டியுள்ள ஒரு திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறேன்.

தோட்டம் மதாம் ஒடெத் என்ற அம்மாளுடையது. பெரிய கம்பெனி எல்லாம் கிடையாது. அந்த அம்மாள், போல் என்ற அவர் மகன், வருஷம் முழுக்க நான், பழம் பறிக்கும் சமயத்தில் மட்டும் வெளியாட்கள். பழத்தைப் பிழிவதும், ஒயின் ஆக்குவதும், பாட்டிலில் அடைப்பதும் வீட்டுக்கு அடியில் இருக்கும் பாதாள அறையிலேயே நடக்கும். மதாமின் கணவர் ஒரு காலத்தில் விழுந்து விழுந்து மருந்தடித்தவர். கடைசிக் காலத்தில் மூச்சு விடத் திணறியே போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த கையோடு மதாம் மருந்தடிக்கும் மெஷினைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டாராம்.

அதற்குப் பிறகு இங்கே எல்லாமே வேறு விதம். குளிர்காலத்தில் பக்கத்து ஊர்க்காரன் தன் செம்மறிகளை ஓட்டிவந்து வரிசைகளுக்குள் மேய விடுவான்; புல்லும் குறையும், புழுக்கையும் விழும். வரிசைக்கு நடுவே மொச்சை இனத்துச் செடிகளும் பார்லியும் விதைத்து, பூக்கும்போது மடக்கி மண்ணோடு சேர்ப்போம். தொட்டால் அரிக்கும் காஞ்சொறி மாதிரி ஒரு செடியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிப்போம்; அந்த நாற்றம் குளித்தாலும் போகாது. பிழிந்த சக்கை குவியலில் மக்கி, மறு வருஷம் வேருக்கே திரும்பிப் போகும். பீப்பாய் கழுவிய தண்ணீர்கூட நாணல் வளர்ந்த குட்டையில் தங்கித் தெளிந்த பிறகுதான் ஓடைக்குப் போகும். கீழே இருப்பவன் மாடு அந்த ஓடையில் வாய் வைக்கிறதே, அதனால்.

இதையெல்லாம் பார்க்க கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். சக்கைக் குவியலுக்கு முன்னால் நின்று ஒரு டாக்டர் குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டது. நான் கேமராவில் விழாமல் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

2

எங்கள் அப்பா ஆவடியில் ராணுவ ஃபேக்டரியில் ஃபிட்டர். வாலாஜா பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். ஒரே மாதிரி ஓட்டு வீடுகள், ஒரே மாதிரி மஞ்சள் சுவர், பின்பக்கம் துணி காயப்போட ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டில் மற்றவர்கள் முருங்கை வைத்தார்கள், வாழை வைத்தார்கள். அப்பா மட்டும் எங்கிருந்தோ ஒரு பன்னீர் திராட்சைக் குச்சியைக் கொண்டுவந்து நட்டார்.

“இந்த வெயில்ல திராட்சையா? மண்டை கழண்டுபோச்சா இவருக்கு?” என்று அம்மா கேட்டாள். அப்பா சவுக்குக் கழி வாங்கிவந்து பந்தல் போட்டார்.

அந்தக் கொடிக்கு அவர் ஒரு பைசா உரம் வாங்கியதில்லை. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், ஞாயிற்றுக்கிழமையானால் மீன் கழுவிய தண்ணீர், எல்லாம் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக அதன் காலடிக்குப் போகும். சாம்பல் உண்டு. வேப்பஞ்சருகு மூடாக்கு உண்டு. ஆட்டுப் புழுக்கைக்குக் கள்ளிக்குப்பத்து முனியம்மா. அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து குவார்ட்டர்ஸ் மைதானத்தில் மேய விடுவாள். காவல்காரர் விரட்டினால் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து ஒண்டிக்கொள்வாள். கூடையில் புழுக்கை கொண்டுவந்து கொட்டிவிட்டு, “நைனா, பழம் பழுத்தா எனுக்கு ஒரு கொத்து. மறந்துகினே, உன் கொடியில ஆட்டை ஏத்திடுவேன்” என்பாள்.

வருஷத்துக்கு இரண்டு கவாத்து. தை மாதம் ஒன்று, வைகாசி கழிந்து ஒன்று. கவாத்து நாளில் அப்பா ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிடுவார். கிளைகளைக் குட்டையாக வெட்டி, இலை ஒன்றுவிடாமல் உருவி, கொடியை மொட்டையடித்துவிடுவார். பார்க்கவே பாவமாக இருக்கும். நம் ஊரில் கொடிக்குத் தூங்கத் தெரியாது. நாம்தான் மொட்டையடித்து, காயப்போட்டு, திடீரென்று தண்ணீர் விட்டு அதை எழுப்ப வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் வெட்டிய கணுவிலெல்லாம் தளிர் வரும், தளிரோடு பிஞ்சும் வரும். வருஷத்தில் இரண்டு காய்ப்பு.

பழம் வந்தால் எங்கள் லைன் முழுக்கப் போகும். புளித்த கொத்துகளைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வாங்கிக்கொள்வார். நாகர்கோவில்காரர். சர்க்கரையும் பட்டையும் போட்டு ஊறுகாய் ஜாடியில் அடைத்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்து, கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு மடக்கு கொடுப்பார். அப்பா குடிக்கமாட்டார், விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, “நம்ம ஊட்டுது” என்பார். எங்கள் குடும்பத் திராட்சைத் தோட்டமும் ஒயின் தொழிற்சாலையும் அவ்வளவுதான். அதற்கு போர்டும் இல்லை, சான்றிதழும் இல்லை.

3

அப்பா ஓய்வு பெற்ற மாதம் நான் என் ஐந்து வயது மகள் மாலாவைக் கூட்டிக்கொண்டு ஆவடிக்கு வந்திருந்தேன். மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு வெள்ளிக் குத்துவிளக்கும் கொடுத்து அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன்னால் ஓவர்சியர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். இது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். அம்மா தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்பா ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் விட்டார், உடைந்த ஓட்டைத் தன் செலவில் மாற்றினார்.

ஓவர்சியர் வந்தார். குழாயைத் திறந்து பார்த்தார், ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கொடி அப்போது பூவும் பிஞ்சுமாக இருந்தது. ரசிக்கிறார் என்றே நான் நினைத்தேன்.

“மிஸ்டர் கோபால், இது என்ன?”

“திராட்சைங்க சார். பன்னீர் திராட்சை.”

“அது தெரியுது. இது அன்ஆதரைஸ்டு கன்ஸ்ட்ரக்ஷன். ரிமூவ் பண்ணிடுங்க.”

அப்பாவுக்குப் புரியவில்லை. பந்தலைச் சொல்கிறார் என்று நினைத்து, “கழியைப் பிரிச்சிடறேன் சார். கொடிய செவுரு மேல ஏத்தி வுட்டுடறேன்” என்றார்.

“கொடியும்தான். வீட்டைக் கொடுக்கும்போது எப்படி இருந்ததோ அப்படித் திரும்பக் கொடுக்கணும். அப்போ இங்க கொடி இருந்ததா? இல்லை. நாளைக்கு வருவேன், கிளியரா இருக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது.”

அடுத்து அந்த வீட்டுக்கு வரப்போகிறவரும் அங்கே இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், புதுக் கல்யாணம். “இருக்கட்டும் சார். நல்லாத்தான இருக்கு. நான் தண்ணி ஊத்திப் பாத்துக்கிடுதேன்” என்றான். அவனுக்கும் கிடைத்தது. வீட்டுப் பட்டியலில் இல்லாத ஒரு பொருளை அவன் பெயரில் எழுத முடியாதாம். எழுதினால் ஆடிட்டில் கேள்வி வருமாம். வேண்டும் என்கிற ஆளும் நிற்கிறான், கொடுக்கிற ஆளும் நிற்கிறார், நடுவில் ஒரு ஆடிட். வாய் வரைக்கும் வந்ததை அப்பா முகத்தைப் பார்த்து விழுங்கினேன். இன்றுவரை அது செரிக்கவில்லை.

சத்தம் போட்டது முனியம்மாதான். ஆடுகளோடு பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாய்யா ஆபீஸரு, கொடி இன்னா செவுரா? அதும் மேல ஏறி நீ குடித்தனம் பண்ணப் போறியா? பூவும் பிஞ்சுமா நிக்குது, புள்ளத்தாச்சி மாரி. அத்தப் போயி வெட்டுன்றியே, உன் கை நல்லாருக்குமா? உங்கூட்டு வாசல்ல பூசணி மொளச்சா அதுக்கும் பர்மிசன் வாங்கிகினுதான் மொளைக்குதா?”

“யாரும்மா நீ? உள்ள எப்படி வந்தே?” என்றார் ஓவர்சியர்.

“ஆங், நானும் அன்ஆதரைஸ்தான். எயுதிக்கோ!”

அவளை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அப்பா மறுநாள் விடியும் வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே, வெயில் தாழ்வதற்குள், ஃபேக்டரிக்காரனுக்கே உரிய ஒழுங்கோடு மேலிருந்து கீழாகக் கழித்துக்கொண்டே வந்து அடிமரத்தை அறுத்தார். வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. முனியம்மா சுற்றிக்கொண்டு வேறு பக்கமாகத் திரும்ப வந்தாள். தழையைப் பார்த்து, “ஆட்டுக்காச்சும் குடு நைனா. அவனுங்க லாரியில வாரிப் போட்டுகினு போறதுக்கு ஆடு துன்னட்டும்” என்றாள். பிஞ்சோடு சேர்த்து ஆடுகள் தின்றன. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எத்தனையோ வருஷம் உழைத்த இடம். ‘கோபால், இந்த ரூல் இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம் சொல்லுங்கள்’ என்று ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே வெட்டியிருப்பார், வருத்தமில்லாமல் வெட்டியிருப்பார். வெட்டியது எனக்குப் பெரிதில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாததுதான் பெரிது.

4

அப்பாவும் அம்மாவும் முகப்பேரில் ஹவுசிங் போர்டு ஃபிளாட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. தொட்டி வைக்கக்கூட பால்கனியில் இடமில்லை. அப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு மூன்று வருஷம் போராடி ஒரு கோடைக்கு அவரை மட்டும் இங்கே வரவழைத்தேன்.

விசாவைக் கொஞ்சம் நீட்டிக்க அரசு அலுவலகத்தில் விடிகாலையே வரிசையில் நின்றோம். “இவர் தொழில் என்ன?” என்றாள் ஜன்னலுக்குள் இருந்தவள். ஓய்வு பெற்றவர் என்றேன். எதிலிருந்து? பாதுகாப்புத் துறையிலிருந்து. பட்டாளமா? இல்லை. அப்படியானால் ஆயுதமா? எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், இல்லை அம்மா, நட்டு போல்ட்டு முடுக்குகிறவர் என்று சொல்லத் தெரியவில்லை. கையால் முடுக்கிக் காட்டினேன். அவள் உள்ளே போய் இன்னொருத்தரைக் கூட்டிவந்தாள். அவருக்கும் முடுக்கிக் காட்டினேன். அப்பா நடுவில், “இன்னாம்மா, அவங்க ஃபேன் கீன் கழண்டுகீதா? நான் பாக்கட்டுமா?” என்றார். மத்தியானம் வரை உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனதும் ஆள் மாறிவிட்டார். அத்தனை கொடி, அத்தனை நீளம். மதாமுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு பிரெஞ்சு தெரியாது. இருவரும் ஒரு கொடியின் இரண்டு பக்கமும் நின்று அவரவர் பாஷையில் பேசிக்கொண்டார்கள். அப்பா இலையைத் திருப்பிக் காட்டுவார், மதாம் தலையாட்டுவார்.

கீழ் நிலத்துப் பழம் முதலில் பறித்து முடிந்தது. நாங்கள் எல்லோரும் பாதாள அறையில் பழம் கொட்டுவதும் தொட்டி கழுவுவதுமாக ஓடிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் வெளியே வந்து பார்க்கிறேன், கீழ் நிலத்தில் ஒரு வரிசை முழுக்க மொட்டை. ஒரு இலை கிடையாது. கிளையெல்லாம் கணுக் கணக்குப் பார்த்து வெட்டி, வெட்டிய குச்சிகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்து, வரப்பில் உட்கார்ந்து அப்பா வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி மட்டும் வுட்டா போதும்மா. பொங்கலுக்குள்ள இன்னொரு காய்ப்பு பாத்துடலாம். இவங்க ஏன் இப்டி சும்மா வுட்டுவச்சிகிறாங்க?”

இந்த ஊரில் பழம் பறித்த பிறகுதான் கொடி குளிருக்குச் சோறு சேர்த்துவைக்கும். இலைதான் அதற்கு வாய். இலை தானாக உதிர்ந்து, கொடி தூங்கிப்போன பிறகு, நடுக்குளிரில்தான் கவாத்து. ஆவடிக்காரரைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யத் தோன்றாது.

போல் வந்து பார்த்து முகம் சிவந்து கத்தினான். யாரைக் கேட்டு வெட்டினார் என்றான். அவன் கேட்டது நியாயம்தான், அதனாலேயே எனக்குச் சுரீரென்றது. என் கணவர் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து நஷ்டத்தைத் தந்துவிடுகிறேன் என்றார். வீட்டுக்கு வந்ததும், “உங்கப்பாரால நான் இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியல” என்றார். நானும் விடவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

மறுநாள் மதாம் வந்தார். எட்டு வயது மாலாவை அழைத்து, “உன் தாத்தாவிடம் ஏன் இப்படிச் செய்தார் என்று கேள்” என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார்: “எங்க ஊர்ல வெட்டினாத்தான் கொடி முழிச்சிக்கும்மா. இலைய உருவினா அதுக்கு ரோசம் வந்து தளிர் வுடும்.” மாலா அதை மதாமுக்குப் பிரெஞ்சில் ஒரே வரியில் முடித்தாள்: “தாத்தா மன்னிப்புக் கேட்கிறார்.”

எனக்கு வந்த கோபத்தில் அவள் முதுகில் ஒன்று வைத்தேன். “அவர் எங்கேடி மன்னிப்புக் கேட்டார்?” என்றேன். “சண்டை வேணாம்னுதான்” என்று பிரெஞ்சில் அழுதாள். அவளுக்கு அழுகைகூட பிரெஞ்சில்தான் வருகிறது. நானே திக்கித் திணறி மதாமிடம் சொன்னேன். ஆவடிக் கொடியைச் சொன்னேன், இரண்டு கவாத்தைச் சொன்னேன், ஓவர்சியரையும் ஆடு தின்ற பிஞ்சையும்கூடச் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மதாம், “அந்த வரிசையை யாரும் தொட வேண்டாம்” என்று போலிடம் சொன்னார்.

அந்த வருஷம் வெயில் நீண்டது. அப்பா ஊருக்குப் புறப்படும் முன் மொட்டைக் கொடிகளில் அங்கங்கே பச்சைத் தளிர் எட்டிப் பார்த்தது. மதாமின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். “பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?” மதாம் சிரித்துத் தலையாட்டினார். பனி வந்தால் என்ன ஆகும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா விமானம் ஏறிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரே பனியில் தளிரெல்லாம் கருகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு தடவை போனிலும் கேட்பார். “நம்ம வரிசை எப்டிகீது?” நானும் ஒவ்வொரு தடவையும், “நல்லாருக்குப்பா, நல்லாக் காய்க்குது” என்பேன்.

5

மண்ணை மோந்த பெண் போன செவ்வாய்க்கிழமை அந்த வரிசைக்கு வந்து நின்றாள். பாதிக் கொடி பட்டுவிட்டது. மீதியில் வெட்டுக்காயம் வழியாகப் பூசணம் மரத்துக்குள் இறங்கியிருந்தது. “மருந்தடிக்கிற தோட்டமாக இருந்தால் இதை எப்படியாவது ஓட்டலாம். இங்கே நோயுள்ள கொடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் பரவும்” என்றாள். பல வருஷமாக அதைத்தான் சொல்கிறேன் என்று போல் சொன்னான். நான் சண்டைக்குத் தயாராகப் புழுக்கைக் கூடையைக் கீழே வைத்தேன். என்ன சொல்லிச் சண்டை போடுவது என்றுதான் தெரியவில்லை. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

மறுநாள் சாயங்காலம் மதாம் மகனோடு வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மகன் துவைத்த சட்டை போட்டிருந்தான். உட்காரச் சொன்னேன். மதாம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அந்த வரிசையைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அது உன் அப்பா கை வைத்த வரிசை. அவரைக் கேட்காமல் பிடுங்கமாட்டேன். அவரிடம் கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், நடுவில் ஒரு வரிசை காலி செய்து பிரித்துவிடலாம்.”

போல் தலையாட்டினான். எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பொல்லாத கோபம்தான் வந்தது. நிலம் இவர்களுடையது, தப்பு எங்களுடையது, கேட்க வேண்டிய கடமை இவர்களுக்குத் துளியும் கிடையாது. இருந்தும் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து கேட்கிறார்கள். இவ்வளவு சுலபமான காரியத்தையா அத்தனை பெரிய ஆபீஸால் செய்ய முடியாமல் போயிற்று? அவர்கள் போன பிறகு சமையலறையில் நின்று பாத்திரங்களை நங்கு நங்கென்று தேய்த்தேன். மாலா வந்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் பயந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முகப்பேருக்குப் போன் போட்டேன். கீழ்வீட்டு போன். அவர்கள் மேலே ஆள் அனுப்ப, அப்பா படியிறங்கி வர, நான் வைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இந்த இடைவெளியில் என்னென்ன பொய்யை எப்படி எப்படி ஒப்புக்கொள்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அப்பா எடுத்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பனி, பூசணம், இன்ஸ்பெக்டர், மதாம் வந்து கேட்டது, எல்லாம்.

“அதெல்லாம் தெரியும்மா” என்றார் அப்பா.

“என்ன தெரியும்?”

“நல்லாகீற கொடியப் பத்தி யாராச்சும் நல்லாகீதுன்னு மட்டுமா சொல்லுவாங்க? அணில் கடிச்சிடுச்சி, எறும்பு மொய்க்குது, நாலு கொறை சொல்லுவாங்க. நீ ஒரு கொறையும் சொல்லல. அப்பவே கொடி பூட்ச்சின்னு நெனச்சேன்.” மூச்சு வாங்கினார். “புடுங்கச் சொல்லு. சீக்குக் கொடிய வச்சிகினு நல்லதையும் கெடுத்துக்க வாணாம். அந்தம்மா பாவம்.”

“சரிப்பா. அப்படியே சொல்லிடறேன்.”

போனை வைக்கப் போனேன். அப்பா விடவில்லை.

“பிரேமா. அந்தம்மா மொதல்ல இன்னா சொன்னாங்க?”

“உங்களைக் கேக்காம புடுங்கமாட்டேன்னு சொன்னாங்கப்பா.”

“என்னியா?”

“உங்களைத்தான்.”

“பேரு சொல்லிக் கேட்டாங்களா?”

“உங்கப்பாவைக் கேளுன்னாங்க. வீட்டுக்கே வந்து கேட்டாங்க. மகனையும் கூட்டிக்கிட்டு.”

ரிசீவரைக் கையால் மூடாமலேயே அவர் மாடிப்படியைப் பார்த்துக் கூவுவது கேட்டது. “ஏய், கேட்டியாடி! கொடிய எடுக்கலாமா வாணாமான்னு என்னியக் கேட்டு அனுப்பிகிறாங்க! பிரான்ஸ்லேர்ந்து! என்னிய!” மேலேயிருந்து அம்மா ஏதோ கேட்க, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கீழ்வீட்டுக்காரரிடமும் சொன்னார். மீட்டர் ஓடுகிறதே என்ற நினைப்பே இல்லாமல் நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பவும் ரிசீவருக்கு வந்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. ஃபேக்டரியில் மேலதிகாரியிடம் பேசும் குரலும் இல்லை, வீட்டில் பேசும் குரலும் இல்லை.

“அவசரப்பட்டுச் சொல்லிட்டேம்மா. புடுங்கலாம்னு இப்பவே சொல்லிடாத. ரெண்டு நாள் யோசிச்சிச் சொல்றேன்னு சொல்லு. டைம் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்கப்பா” என்றேன். “எத்தனை நாள் வேணும்னாலும் குடுப்பாங்க.”